ஒத்தைக் கை கும்பிடு!

கபாலி கோயிலில் தீபாராதனை. எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க, எங்கள் பெரியம்மாவுக்கு வலது கை மட்டும்தான் மேலே போனது.

"என்ன பெரியம்மா, சாமிக்கு ஒத்தைக் கை கும்பிடா?"

"இடது கை வரமாட்டேங்குதுடா. நாலு மாசமாச்சு. கொடியில துணி போட முடியலை, தலை பின்ன முடியலை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சா உயிர் போறது!"

நாலு மாதமும் தைலம்தான். போதாததற்கு யாரோ கையைப் பிடித்துச் சுண்டி இழுத்ததில், வலி இரண்டு மடங்கு!

எலும்பு டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்... 'ஃப்ரோஸன் ஷோல்டர்'. 1934-ல் பாஸ்டன் டாக்டர் காட்மன் வைத்த பெயர். ஐஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. துவைத்துச் சுருங்கின ஜாக்கெட்டுக்குள் கை நுழைத்த கதைதான். 40-லிருந்து 60 வயதுவரை அதிகம் வரும். சர்க்கரைக்காரர்களைத் தேடி வரும்.

"சுகர் பார்த்தீங்களா?"

"எனக்கா? காப்பிக்கு அரை ஸ்பூன்தானே..." பெரியம்மா முடிப்பதற்குள் ரத்தம் எடுத்தாகிவிட்டது. ரிசல்ட் 260!

"கத்தி வைப்பாங்களாடா?" என்று நடுங்கினாள். அவசியமில்லை. பலருக்கு ஒன்றிலிருந்து மூன்று வருஷத்தில் தானே தளரும். அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்குப் படிப்படியாக வைத்தியம் இருக்கிறது.

முதலில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, கூடவே உடற்பயிற்சி. ஊசி போட்ட சில நாள் சுகர் ஏறும், ஜாக்கிரதை! அடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சலைனை உறைக்குள் ஏற்றி பலூன் மாதிரி விரிப்பது. அதற்கும் மசியாவிட்டால், மயக்கம் கொடுத்து டாக்டரே கையை அசைத்துத் தளர்த்துவார். கடைசியாக சாவித்துவார ஆபரேஷன். இரண்டு மூன்று சின்னத் துளை, ஒன்றில் காமிரா, சுருங்கின உறையை வெட்டி விடுவார்கள்.

எது ஒசத்தி? இங்கிலாந்தில் 503 பேரை வைத்துப் பார்த்து, 2020-ல் முடிவு சொன்னார்கள். ஊசியோடு பயிற்சி, மயக்கத்தில் தளர்த்தல், துளை ஆபரேஷன் என மூன்று கோஷ்டி. ஒரு வருஷம் கழித்துப் பெரிய வித்தியாசமே இல்லை! ஊசிக் கோஷ்டியில் சிலருக்கு மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது. பெரிய சிக்கல்கள் அதிகம் வந்தது ஆபரேஷன் கோஷ்டியில்தான். எதைச் செய்தாலும் பயிற்சிக்கு லீவு கிடையாது.

பெரியம்மாவுக்கு முதலில் சுகரை இறக்கினார்கள். பிறகு ஒரே ஊசி. தினம் சுவரில் விரலால் 'ஏணி' ஏறினாள். ஆறு மாதம் ஆயிற்று.

போன வாரம் அதே சன்னதி. இரண்டு கையும் ஜம்மென்று மேலே!

"தட்டுல காசு போட மட்டும் கை வரமாட்டேங்குதே பெரியம்மா?"

"அது தோள் வியாதி இல்லைடா!"