கணிப்பொறியின் முதல் திறவுகோல்

1988-ஆம் ஆண்டில் மத்திய அரசு புனே நகரில் சி-டாக் நிறுவனத்தை அமைத்தது. அயல்நாட்டு மீத்திறன் கணிப்பொறிகள் நமக்கு எளிதில் கிட்டாத நிலையே அதற்குக் காரணம். 1991-இல் அங்கு ‘பரம் 8000’ உருவாயிற்று. எனினும் அதன் செயலிகள் பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனத்தினுடையவை. ஒரு பொறியைப் பெறுவது வேறு, அதனை அடித்தளம் வரை ஆள்வது வேறு. விளையாட்டுக்காகக் கணிப்பொறி வாங்கும் மாணவரும் இன்று இதே வினாவை எதிர்கொள்கிறார்.

மின்விசையை அழுத்தியதும் முதலில் இயங்குவது விண்டோஸோ லினக்ஸோ அன்று. தாய்ப்பலகையின் சில்லில் பதிந்துள்ள சிறு நிரலே. இதனை நிலைபொருள் என்பர். இதில் இருவகைப் பூட்டுகள் உண்டு. முதலாவது, 2012-இல் விண்டோஸ் 8 உடன் பரவிய ‘செக்யூர் பூட்’. கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே இது அனுமதிக்கும். பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் உரிமையாளரே இதனை நீக்கலாம். இரண்டாவது, 2013 முதல் இன்டெல் செயலிகளில் வந்த ‘பூட் கார்டு’. தயாரிப்பாளரின் திறவுகோல் அடையாளம் தொழிற்சாலையிலேயே அழியாதவாறு பதிக்கப்பட்டுவிட்டால், நிலைபொருளை வேறு எவராலும் மாற்ற இயலாது.

தீய நிரல்களைத் தடுப்பதால் இப்பூட்டுகள் பயனற்றவை அல்ல. ஆனால் தயாரிப்பாளர் திருத்தங்களை நிறுத்திவிட்டால், நல்ல நிலையிலுள்ள பொறியும் பாதுகாப்பற்றதாகிவிடும்.

மாற்று வழியும் உண்டு. 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ‘லினக்ஸ்பயாஸ்’ என்ற பெயரில் தொடங்கிய ‘கோர்பூட்’ திறந்த நிலைபொருளாகும். இதனை ஏற்கும் திங்க்பேட் எக்ஸ்200 போன்ற பழைய மடிக்கணினிகளின் வரைகலைத் திறன் புதிய விளையாட்டுகளுக்குப் போதாது. எம்.எஸ்.ஐ. புரோ இசட்690-ஏ போன்ற சில புதிய தாய்ப்பலகைகள் மட்டுமே இரு தேவைகளையும் நிறைவு செய்கின்றன. அவற்றிலும் இன்டெல்லின் மூடிய நிரற்பகுதிகள் எஞ்சியுள்ளன. விண்டோஸ் 11-இல் ‘வேலரன்ட்’ போன்ற போட்டி விளையாட்டுகளோ ஏமாற்றுதலைத் தடுக்கச் செக்யூர் பூட்டையே வேண்டுகின்றன. எனவே, வாங்குமுன் தாய்ப்பலகையின் சரியான மாதிரி எண் கோர்பூட் பட்டியலில் உள்ளதா என ஆராய்வதே முறை.

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’, சி-டாக்கின் ‘வேகா’ ஆகிய உள்நாட்டுச் செயலிகளை வளர்க்க 2022-இல் ‘டிர்-வி’ திட்டம் தொடங்கப்பட்டது. இவை விளையாட்டுக் கணிப்பொறிகளுக்கு உரியவை அல்ல. எனினும் திறந்த கட்டமைப்பில் அமைந்தவை. அரசு அலுவலகங்களும் கொள்முதல் நிபந்தனைகளில் நிலைபொருளின் ஆயுளையும், அதனை மாற்றும் உரிமையையும் சேர்ப்பின், பொதுப்பணம் வீணாவது குறையும்.