நன்னீர் கொன்ற கரை

"வெள்ளம் கடலில் கலந்துவிட்டால் அதோடு முடிந்ததுதானே, மாமா?" என்று அக்காள் மகன் கேட்டான். தே தாரிக் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதனால் நிதானமாகவே பதில் சொல்ல முடிந்தது. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2006 டிசம்பர் 19 வாக்கில் பெய்த மழையை ஜொகூரின் கோத்தா திங்கி, குளுவாங், சிகாமட் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சேற்றை வாரி, வீட்டைக் கழுவி, ஊறிப்போன மெத்தையைத் தூக்கிப் போட்டு நிமிர்வதற்குள், 2007 ஜனவரி 12 வாக்கில் இரண்டாவது வெள்ளம் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நிவாரண மையங்களுக்கு அனுப்பின. 18 பேர் இறந்தார்கள். மனிதர்கள் பட்ட பாட்டை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வடிந்த தண்ணீர் எங்கே போனது, போன இடத்தில் என்ன செய்தது என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஜொகூர் ஆறு கோத்தா திங்கியைத் தாண்டித் தெற்கே இறங்கி, ஜொகூர் நீரிணையின் கிழக்குப் பாதியில் கலக்கிறது. 1924-இல் திறக்கப்பட்ட காஸ்வே அந்த நீரிணையைக் குறுக்கே அடைத்து நிற்கிறது. அதனால் கிழக்குப் பாதியில் சேரும் தண்ணீர் மேற்கே போக வழியில்லை. வந்த பக்கமாகவே மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அந்தப் பாதியில்தான் சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவு இருக்கிறது. அதன் கிழக்கு முனையில் செக் ஜாவா. கடல் வற்றும்போது மணல் திட்டு, கடற்புல், பவளச் சிதறல், கண்டல் காடு எல்லாம் அடுத்தடுத்துத் தெரியும் கரை அது. 2001 இறுதியில், மண் கொட்டி மேடாக்கும் திட்டத்திலிருந்து மக்களின் குரலால் தப்பிய இடமும் அதுதான்.

2007 ஜனவரியில் அங்கே நடந்து போனவர்கள் பார்த்தது பெருஞ்சாவு. கடல் அட்டை, நட்சத்திர மீன், கடற்பஞ்சு, விரித்த துணிபோல் மணலில் கிடக்கும் கம்பளக் கடற்சாமந்தி என எத்தனையோ உயிர்கள் வெளிறியும் அழுகியும் கிடந்தன. எண்ணெய்க் கசிவு இல்லை, விஷம் இல்லை. நாம் குடிக்கும் நல்ல தண்ணீர் அளவுக்கு மீறி வந்ததுதான் காரணம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆறுகள் விழும் நீரிணையில் சற்றுக் குறைவு. நட்சத்திர மீனின் உடலுக்குள்ளும் ஏறத்தாழ அதே உப்புத்தான். வெளியே உப்புக் குறைந்தால் தண்ணீர் உடலுக்குள் ஏறும், திசுக்கள் வீங்கும். அதை வெளியேற்றச் சிறுநீரகம் போன்ற உறுப்பு அதற்குக் கிடையாது. உலகத்தில் எந்த ஆற்றிலும் நட்சத்திர மீனோ கடல் அட்டையோ இல்லாததற்குக் காரணம் இதுதான். நன்னீர் கடல்நீரைவிட லேசானது என்பதால் மேலாகவே மிதக்கும். அதனால் ஆழத்தில் இருப்பவை தப்பின. ஆழமில்லாத கரையில் இருப்பவைதான் அதில் முழுதாக அகப்பட்டன.

அங்கேயும் எல்லாம் சாகவில்லை. மீன் நீந்திப் போய்விடும், நண்டு நகர்ந்துவிடும். சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். சேற்றுக்குள் ஆழத்தில் இருக்கும் புழுவுக்குச் சேறே உப்பைப் பிடித்து வைத்திருக்கும். ஓடவும் மூடவும் புதையவும் முடியாதவைதான் மாண்டன.

நோய்க்கும் வெள்ளத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நோய் நெருக்கமாக வாழும் கூட்டத்தில் வேகமாகப் பரவும். கூட்டம் குறையக் குறையத் தானே தளரும். வெள்ளம் எண்ணிக்கை பார்ப்பதில்லை. ஆயிரம் இருந்தாலும் பத்து இருந்தாலும் ஏறக்குறைய அதே பங்கைக் கொண்டுபோகும். ஆயிரத்தில் தொண்ணூறு விழுக்காடு போனாலும் இனம் பெருக நூறு மிஞ்சும். பத்தில் அப்படிப் போனால் மிஞ்சுவது ஒன்று, அதற்குத் துணையும் இருக்காது. ஏற்கெனவே மெலிந்துபோன இனங்களைப் பற்றி நான் கவலைப்படுவது அதனால்தான்.

செக் ஜாவா மீண்டது. அடுத்து வந்த மாதங்களிலும் ஆண்டுகளிலும் பல இனங்கள் திரும்பத் தென்பட்டன. திரும்பி வந்தவற்றில் பல, வேறு எங்கோ பிழைத்திருந்த தாய்களின் வாரிசுகள். இந்த விலங்குகளின் இளவுயிரிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தில் மிதந்து, தோதான தரை கிடைத்தால் இறங்கிக் குடியேறும். ஒரு கரை மீள்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பெரியவற்றை எண்ணினால் போதாது, நகத்தளவு குட்டிகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும்.

அப்படியானால் வெள்ளமே வராத கரைதான் நல்ல கரையா? 1978-இல் ஜோசப் கானெல் என்ற சூழலியலாளர் மழைக்காடுகளையும் பவளப் பாறைகளையும் வைத்து வேறு மாதிரி வாதிட்டார். அடிக்கடியும் இல்லாமல், அபூர்வமாகவும் இல்லாமல் இடைஞ்சல் வரும் இடத்தில்தான் இனங்கள் மிகுந்திருக்கும். ஒன்றுமே நடக்காவிட்டால் வலுத்த சில இனங்கள் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்றார். இன்றுவரை அறிஞர்கள் இதில் சண்டை போடுகிறார்கள். என் பார்வையில் இடைவெளிதான் முக்கியம். இளவுயிரி இறங்கி, வளர்ந்து, தானும் முட்டையிடும் வரை அடுத்த அடி விழாமல் இருக்க வேண்டும். ஜொகூரில் 2011 ஜனவரியிலும் பெருவெள்ளம் வந்தது. 2023 மார்ச்சில் 40,000-க்கும் மேற்பட்டோர் மறுபடி நிவாரண மையங்களில் இருந்தார்கள். மழையை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் காட்டை வெட்டிய இடத்தில் மழைநீர் வேகமாக ஆற்றுக்கு வருகிறது, மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. அதில் நம் கை இருக்கிறது.

வெள்ளம் குடியிருந்தவர்களைத்தான் கொண்டுபோகும், வீட்டை விட்டுவிடும். மண் கொட்டிக் கடலை மேடாக்கும்போது வீடே போய்விடுகிறது. நீரிணையின் மேற்குப் பக்கம், பூலாய் ஆற்று முகத்தில், கடற்குதிரைகளும் கடற்பசுக்களும் நாடிவரும் மெராம்போங் கடற்புல் வெளி இருக்கிறது. 2014-இல் ஃபாரஸ்ட் சிட்டி என்ற புதுநகரத் திட்டத்துக்காக அந்தப் பக்கத்தில் மண் கொட்டத் தொடங்கினார்கள். கடற்புல்லின் ஒரு பகுதி அதன் அடியில் போயிற்று. மிச்சப் புல்வெளியில் இன்னும் கடல் வற்றும் வேளைகளில் கிராமத்தார் இறங்கி கொங்கொங் நத்தை பொறுக்குகிறார்கள்.