துளியும் உறையும்

தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில் பேராவூரணி என்னும் ஊர் உளது. காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியாகிய அங்கு, நெல்வயல்களோடு தென்னந்தோப்புகளும் செறிந்து விளங்கும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயல் அத்தோப்புகளைப் பெரிதும் அழித்தது. எனினும் தேங்காயை மறந்த சமையல் அவ்வூரில் இல்லை.

தேங்காய்த் துருவலை நீர் விட்டுப் பிழிந்தால் வெண்ணிறப் பால் கிடைக்கின்றது. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவாதவை அன்றோ? பாலில் அவ்விரண்டும் கூடியிருப்பது எங்ஙனம்? எண்ணெய் அதில் எண்ணற்ற சிறு துளிகளாகச் சிதறியுள்ளது. புரதமும் கொழுப்பியமும் ஒவ்வொரு துளியையும் மெல்லிய தோல் போலச் சூழ்ந்து, பக்கத்துத் துளியோடு சேரவொட்டாமல் காக்கின்றன. மிகக் கொதிக்கவிட்டால் அத்தோல் சிதையும், பால் திரிந்துவிடும். இத்தகைய உறையிட்ட துளிகளைக் கொண்டு உடலினுள் மறைந்திருக்கும் நோயைக் காண அறிஞர் முயன்று வருகின்றனர். அம்முயற்சியை இங்குக் காண்போம்.

வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதர் செவிக்கு எட்டாது. அதனை மீயொலி என்பர். காவிரிக்கரைத் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன், நாகேந்திர நாத் என்பவருடன் சேர்ந்து, நீர்மத்தில் செல்லும் மீயொலி ஒளியை எவ்வாறு சிதறச் செய்கின்றது என்பதை 1935இல் விளக்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மருத்துவமனையில் 'ஸ்கேன்' எடுக்கும்போது இம்மீயொலியே உடலினுள் செலுத்தப்படுகின்றது. அது உறுப்புகளில் பட்டு எதிரொலியாக மீள, அவ்வெதிரொலியைக் கருவி படமாக்குகின்றது.

பேராவூரணிக்கு அண்மையில் உள்ள மல்லிப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில், எதிரொலிக் கருவி பொருத்திய விசைப்படகுகளைக் காணலாம். கடலினுள் செல்லும் ஒலி மீன்களில் பட்டு மீளும். மீனின் தசை நீரை ஒத்ததாகையால் ஒலியை மிகுதியாகத் திருப்பாது. அதன் வயிற்றினுள் இருக்கும் காற்றுப் பையே பெரும்பகுதி எதிரொலியைத் தருகின்றது. நீரும் வாயுவும் சந்திக்கும் இடத்தில் ஒலி வலிமையாக மீள்வதே இதன் காரணம்.

நம் குருதி அந்த மீன் தசையைப் போன்றது. மீயொலிப் படத்தில் அது இருண்டே தோன்றும். அதில் சிறு குமிழிகளைக் கலந்தால் ஒளிர்ந்து தோன்றும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராமியாக், பிரவீன் ஷா என்னும் இருவர் 1968இல் இதனை வெளியிட்டனர். ஆனால் வெறுங்குமிழி நொடிப்பொழுதில் கரைந்துவிடும். ஆதலின் கரையா இயல்புடைய வாயுவை உள்ளே அடைத்துக் கொழுப்பிய உறையிடும் வழி பிறந்தது. அத்தகைய மருந்தொன்று 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அக்குமிழிகள் ஏறத்தாழச் சிவப்பணுக்களின் அளவின. ஆதலால் அவை குருதிக் குழாயை விட்டு வெளியேற மாட்டா. புற்றுக்கட்டியைச் சூழ்ந்த குழாய்களிலோ சில நூறு நானோமீட்டர் அகலமுள்ள இடைவெளிகள் இருப்பதுண்டு. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர்.) 200 நானோமீட்டர் அளவுள்ள நீர்மத் துளி அவ்வழியே கசிந்து கட்டியை அடையக்கூடும் என்பது அறிஞர் எதிர்பார்ப்பு. துளி சென்றபின் மீயொலியால் அதனை ஆவியாக்கினால், அது குமிழியாகிக் கட்டியைக் காட்டிக் கொடுக்கும்.

இங்கு ஒரு விந்தை உண்டு. இத்துளிக்குப் பயன்படும் பொருள்களுள் ஒன்றாகிய பெர்ஃபுளூரோபியூட்டேன், சுழிக்கு இரண்டு பாகை கீழேயே கொதிக்கும் இயல்புடையது. 37 பாகை வெப்பமுள்ள உடலில் அது எவ்வாறு நீர்மமாக நிற்கின்றது? துளி சிறிதாகச் சிறிதாக, அதன் பரப்பு இழுவிசை உள்ளிருப்பதை மிகுதியாக நெருக்கும். 200 நானோமீட்டர் துளியில் அந்நெருக்கம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் சில மடங்காகும். ஆவி தோன்றுதற்கு ஏற்ற வித்து அத்துளியுள் இல்லாமையும் மற்றொரு காரணம்.

இனி உறையின் பணியைக் காண்போம். கொழுப்பிய மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை நாடும் தலை ஒன்றும், நீரை வெறுக்கும் வால்கள் இரண்டும் உண்டு. தலைகள் குருதியை நோக்க, வால்கள் உட்புறம் திரும்ப, அவை துளியைச் சுற்றி ஒற்றை வரிசையாக நெருங்கி நிற்கும். அவ்வுறை துளிகளை ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகாமல் தடுக்கின்றது. ஆயினும் அதுவே பரப்பு இழுவிசையைக் குறைத்து, உள்நெருக்கத்தையும் தளர்த்திவிடுகின்றது! காவலனே கதவையும் சற்றுத் திறந்து வைப்பது போன்றது இது. எனினும் அத்தளர்ச்சி முற்றிலும் தீமையன்று. நெருக்கம் மிகையாயின் துளியைக் குமிழியாக்க வலிய மீயொலி வேண்டும்; அவ்வலிமை மெல்லிய குருதிக் குழாய்களைப் புண்படுத்தக்கூடும்.

உறையின் இறுக்கம் வால்களின் நீளத்தைப் பொறுத்தது. மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் உறைந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதில் மிகுந்துள்ள கொழுப்பமிலத்தில் 12 கரியணுக்களே உள்ளன. ஆதலின் இளவெயிலிலேயே உருகிவிடுகின்றது. உறைக்குப் பயன்படும் கொழுப்பியங்களுள் 16 கரியணு வால்கள் உடையது 41 பாகையிலும், 18 உடையது 55 பாகையிலும் இளகும். உடல் வெப்பத்தில் இரண்டும் இறுகியே இருக்கும். நீண்ட வால்கள் நெருங்கி நிற்றலால் வாயு எளிதில் கசியாது. குமிழி நெடுநேரம் நிலைக்கும். ஆனால் உறை விறைப்பானால், மீயொலிக்கேற்பக் குமிழி விரிந்து சுருங்குவது குறையும், எதிரொலியும் மங்கும்.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. துளி ஆவியாகும்போது அதன் விட்டம் ஏறத்தாழ ஐந்து மடங்காகின்றது. பரப்போ இருபத்தைந்து மடங்காகின்றது. களத்தில் ஒரு நெற்குவியலை மூடிய படுதாவைக் கொண்டு இருபத்தைந்து குவியல்களை மூட இயலுமா? உறை கிழிந்து திட்டுத்திட்டாக நிற்கும். குருதியில் மிதக்கும் மிகுதிக் கொழுப்பியங்கள் வந்து ஒட்டினால் குமிழி ஓரளவு பிழைக்கும்; இல்லையேல் அருகிலுள்ள குமிழியோடு கூடும், அல்லது சுருங்கிக் கரையும். எவ்வளவு கொழுப்பியம், எத்தகைய வால் என்பவற்றை அறுதியிடுவதிலேயே ஆய்வாளர் பெரிதும் உழைக்கின்றனர். இத்துளிகள் ஆய்வுக்கூடங்களிலிருந்து பொது மருத்துவமனைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் குமிழியின் வாயு குருதியில் கரைந்து நுரையீரலை அடைந்து, மூச்சோடு வெளியேறிவிடும். உறையாக நின்ற கொழுப்பியத்தை, உணவிலுள்ள கொழுப்பைப் போலவே உடல் ஏற்றுக்கொள்ளும்.