உங்களுக்குத் தெரியுமா? சட்டப் பட்டம் இல்லாத தலைமை நீதிபதி!

பெரிய பதவிக்குப் படிப்பு கட்டாயமா? நம்ம வண்டன்மேடு உடும்பன்சோலைத் தொகுதியில் இருக்கிறது. 2016ல் இங்கே ஜெயித்த எம்.எம். மணி, அதே வருஷம் கேரளத்தின் மின்சார மந்திரி ஆனார். படிப்பு? ஐந்தாம் வகுப்பு!

அப்போது அவர் ஜெயித்தது வெறும் 1,109 ஓட்டில். நாலரை வருஷம் மந்திரியாக இருந்துவிட்டு மறுபடி நின்று ஜெயித்தார். வித்தியாசம் 38,305!

1957ல் இதே மின்சார இலாகாவைப் பார்த்தவர் யார் தெரியுமா? சட்ட மேதை வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழர்!

1948ல் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1957ல் சிறை இலாகாவும் அவர் கையில்!

இன்னும் கேளுங்கள். 1973ல் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். பின்னாளில் திகார் சிறையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. சக கைதியை வார்டர் காசுக்காகச் சித்திரவதை செய்கிறார் என்று இன்னொரு கைதி எழுதியிருந்தார். வக்கீல் இல்லை, ஸ்டாம்ப் இல்லை. அந்தக் கடிதமே வழக்காகிவிட்டது! அப்படி வழக்காக்கிய மனசுக்கு எந்தப் பரீட்சையில் மார்க் போடுவது?

தலைப்பில் சொன்னவர் இவர்தான்: 1967ல் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனவர் கே.என். வாஞ்சு. ஐ.சி.எஸ். அதிகாரி. சட்டப் பட்டமே கிடையாது!

பிரதமராக வேண்டுமா? மக்களவைக்கு வர வயது 25 ஆகியிருக்க வேண்டும். அரசியல் சட்டம் கேட்கும் படிப்பு? பூஜ்யம்!

அப்படியானால் யார் வேண்டுமானாலும் வரலாமா? 1970ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு கார்ஸ்வெல் என்பவர் பெயர் வந்தது. ஆள் ரொம்ப சுமார் என்று பேச்சு. ‘சுமாரானவர்களுக்கும் ஒரு பிரதிநிதி வேண்டாமா?’ என்ற தொனியில் ஒரு செனட்டர் வக்காலத்து வாங்கினார். ஓட்டெடுப்பில் 51க்கு 45. கார்ஸ்வெல் அவுட்!

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறது நம்ம உத்திரமேரூர்! சுமார் 1,100 வருஷத்துக்கு முந்திய சோழர் கல்வெட்டு. அதன்படி ஊர்ச் சபைக்கான குடவோலையில் பெயர் எழுத கால் வேலி நிலம் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவரா? அரைக்கால் வேலி போதும். படிப்புக்குப் பாதிச் சலுகை!

குடத்தில் கைவிட்டு ஓலையை எடுப்பது ஒன்றும் அறியாத சின்னப் பையன். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஓலையை மாற்ற வழியே இல்லை!

பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் எத்தனை பெரிய பண்டிதரானாலும் ஓலை கிடையாது. அவருக்கு மட்டுமா? தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன்... அத்தனை பேருக்கும் தடை!