விரிசல் விழுந்த வில்லுக்கு வைத்தியம்

தலையைக் குனிந்து வாருங்கள், நிலைக்கு மேலே மான்கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது! அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், வில் செய்யும் ஒரு பெரியவரின் கொட்டகைக்குள் எப்படியோ நுழைந்துவிட்டோம். தரையெல்லாம் மஞ்சள் மரச்சீவல், அதன்மேல் கால் பரப்பித் தூங்கும் நாய். மேசையில் பசைக் குப்பி, காபிக் கோப்பை, உப்புத்தாள் எல்லாம் ஒரே குவியல். எதைக் குடிப்பது, எதைத் தடவுவது என்பது அவருக்கு மட்டுமே வெளிச்சம்.

சுவரைப் பாருங்களேன், முறிந்த விற்களின் கண்காட்சி! ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: “அவசரம்”, “கணுவைக் கவனிக்கவில்லை”, “மைத்துனன் இழுத்தான்”.

மரம் ஓசேஜ் ஆரஞ்சு. பெயரில்தான் ஆரஞ்சு, குடும்பம் நம் பலாவுடையது. புதிதாகச் சீவிய இடம் பலாச்சுளை மாதிரி மின்னுகிறது. 1804-இல் ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் இதன் குச்சிகளை செயின்ட் லூயிஸிலிருந்து ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு அனுப்பிவைத்தார். முள்கம்பி வருவதற்கு முன் சமவெளி விவசாயிகளுக்கு இதுதான் உயிர்வேலி. ஓசேஜ் பழங்குடி மக்களுக்கோ அதற்கெல்லாம் முந்தியே இது வில் மரம்.

குறை ஒன்றே: காயும்போது வெடிக்கும். வெளிப்புறம் வேகமாக உலர்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் விடாது. அந்த இழுபறியில் விரிசல். அதனால்தான் மூலையில் அடுக்கிய கட்டைகளின் முனைகளில் எல்லாம் பெயின்ட் அப்பியிருக்கிறது.

பாதி செதுக்கிய வில்லை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, தூசியை ஊதுகிறார். பென்சில் விரிசலின் மேலேயே ஊர்கிறது. நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். “நேராக, நீளவாக்கில் ஓடுகிறது. பிழைத்தது!” வில் வளையும்போது இழுவிசை நீளவாக்கில்தான் போகும், அதே திசையில் ஓடும் விரிசல் பெரும்பாலும் வாய் பிளக்காது. சரிந்து விளிம்பை எட்டினால்தான் வினை.

இனி அவருடைய பேத்தியின் வேலை. நம்மூர் ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். விரிசல் தானாகவே உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடி ஒரு சொட்டு, மறுபடியும். நெடியில் கண் எரிகிறது. திடீரென்று ஓர் அலறல்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன! நகப்பூச்சு அழிக்கும் திரவத்துக்கு இந்த மரக்கொட்டகையில் என்ன வேலை என்று இப்போதுதான் புரிகிறது.

அடுத்த விரிசலைக் கண்டதும் சிரிப்பு நிற்கிறது. அது சரிந்து விளிம்பைத் தொட்டிருக்கிறது. பசை மட்டும் போதாது, கட்டும் போட வேண்டும். மான் காலின் தசைநாரை இழை இழையாகப் பிரித்து வாயில் போட்டு மெல்கிறார். எச்சிலில் ஊறினால் அது இளகிப் பிசுபிசுக்கும். “கொஞ்சம் உப்பு இருந்தால் தேவலை” என்று மென்றபடியே கண்ணடிக்கிறார். பிறகு நெருக்கமாகச் சுற்றி, தோல் பசை பூசுகிறார். காய்ந்து சுருங்கும்போது நார் மரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதற்கு நாள் பிடிக்கும். வில் சுவர் ஆணியில் தொங்கப் போகிறது.

பசையிட்டு உலர்ந்த வேறொரு வில்லுக்கு இன்று பரீட்சை. சுவரில் பொருத்தி, நாணில் கயிறு கட்டி, கப்பி வழியாகத் தூர நின்று இழுக்கிறார். முறிந்தால் சில்லு முகத்துக்கு வராதே! வில்லின் இரு கைகளும் ஒரே சீராக வளைகின்றனவா என்று பார்ப்பார், விறைப்பாக நிற்கும் இடத்தில் துளி சுரண்டுவார், மறுபடி இழுப்பார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இன்னும் ஓர் அங்குலம்... இன்னும் கொஞ்சம்...

டக்!

நாய்கூட எழுந்துவிட்டது. ஓடிப்போய் வில்லைத் தடவிப் பார்க்கிறோம். எங்கும் ஒரு கீறலும் இல்லை. பெரியவர் மெல்லக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்.

பேத்தி பசைக் குப்பியோடு வந்து நிற்கிறாள். “தாத்தா, அதுக்கும் ரெண்டு சொட்டு ஊத்தவா?”