‘சூப்பர் மச்சி’ போதுமா?

காலேஜ் கல்ச்சுரல்ஸ் நடக்கும்போது ஏதாவது ஒரு வகுப்பறையில் போட்டோ எக்ஸிபிஷன் போட்டிருப்பாங்க. வாசலில் ஒரு நோட்டு, நூல் கட்டிய பேனா. பார்த்துவிட்டு வருகிறவர்கள் கருத்து எழுத வேண்டும். அந்த நோட்டை எப்போதாவது புரட்டிப் பார்த்திருக்கீங்களா? ‘சூப்பர்’, ‘செம’, ‘வேற லெவல்’, ‘கீப் இட் அப்’... நடுவில் ஒரு பக்கம் முழுக்க யாரோ வரைந்த ஹார்ட்டின், அம்பு சகிதமாக! ராத்திரி கண் விழித்து படம் மாட்டியவனுக்கு, அவன் படத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. இப்போது நோட்டுக்குப் பதில் இன்ஸ்டாகிராம். மூணு நெருப்பு எமோஜி. மேட்டர் அதேதான்.

நான் அவங்களைவிட மோசம். எனக்கு ‘விஷயம்’ தெரியும்!

கடைசி வருஷம் படிக்கும்போது என் ரூம்மேட் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு படத்தோடு வந்தான். அவங்க வீட்டு வாசல். கதவுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. இடது பக்கத் திண்ணையில், படத்தின் ஓரத்தில், அப்பத்தா உட்கார்ந்திருக்காங்க. சாயங்கால வெயில் அவங்க முழங்கால் வரைக்கும்தான் வந்திருக்கு. வலது பக்கத் திண்ணை காலி. படத்தில் பாதிக்கு மேல் அந்தக் காலித் திண்ணையும் சுவரும்தான். எக்ஸிபிஷனுக்குக் கொடுக்கலாமான்னு கேட்டான்.

நான் பத்து செகண்டுகூட பார்த்திருக்க மாட்டேன். “என்னடா இது, ஆளை ஓரமா வெச்சுட்டு பாதி ஃப்ரேமை வேஸ்ட் பண்ணியிருக்க? ரூல் ஆஃப் தேர்ட்ஸ் தெரியாதா? வலது பக்கத்தை க்ராப் பண்ணு”ன்னேன். படத்தின் மேல் நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு கோடு இழுத்து ஒன்பது கட்டமாக்கி, முக்கியமான ஆளை அந்தக் கோட்டில் உட்கார வைப்பதுதான் அந்த ரூல். அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். க்ராப் செய்தான். அப்பத்தா கச்சிதமாகக் கோட்டில் வந்து உட்கார்ந்தாங்க. எக்ஸிபிஷன் நோட்டில் வழக்கம்போல ஆறேழு ‘சூப்பர்’.

கடைசி நாள் அவங்க அம்மா வந்திருந்தாங்க. படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவனிடம் கேட்டாங்க: “அந்தப் பக்கத்துத் திண்ணை எங்கடா? தாத்தா உக்கார்ற எடம்?”

தாத்தா இறந்து அப்போது மூணு மாசம். அவன் ஊருக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும், தாத்தா போனதும் தெரியும். படத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியலை. அன்றைக்கு ராத்திரி ஒரிஜினலைக் காட்டச் சொன்னேன். மெமரி கார்டில் இருந்தது, நல்லவேளை. காலித் திண்ணைக்குப் பின்னால், சுவரில், ஓர் ஆள் சாய்ந்தால் தலை படும் உயரத்தில், தட்டு அளவுக்கு ஒரு கறை. வருஷக்கணக்காகப் படிந்த தேங்காய் எண்ணெய்! நான் ‘வேஸ்ட்’ன்னு சொல்லி வெட்டச் சொன்னது அதைத்தான்.

இத்தனைக்கும் நான் அவ்வளவு அதிகாரமாக எடுத்துவிட்ட அந்த ரூல் கேமராவுக்கே சொந்தம் இல்லை பாஸ். ஜான் தாமஸ் ஸ்மித் என்ற இங்கிலாந்து ஓவியர் 1797-ல், கிராமத்துக் காட்சிகளை வரைவது பற்றிய புத்தகத்தில் அந்தப் பெயரை வைத்தார். வானத்துக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்கிற மாதிரி கணக்கு அது. போட்டோகிராபி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். உபயோகமான கணக்குதான், மறுக்கலை. ஆனால் ஒருத்தர் ஒருத்தரை ஓரத்தில் வைத்தால், ‘ஏன் ஓரத்தில்?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் அது நம்மைக் கேட்கவிடாமல் செய்துவிடும்.

அடுத்த முறை உங்க ஃப்ரெண்ட் ஒரு படத்தை நீட்டினால், முதலில் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் பாருங்க. ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம்னு அப்போதான் தெரியும்! கண் முதலில் எங்கே போச்சு? அங்கிருந்து எங்கே போச்சு, எங்கே போகவே இல்லை? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது? எடுத்தவர் நின்றுகிட்டு எடுத்தாரா, உட்கார்ந்தா? எவ்வளவு தூரத்தில்? குழந்தையை மேலிருந்து எடுப்பதும், அதன் கண் உயரத்துக்குக் குனிந்து எடுப்பதும் ஒரே படம் இல்லை. படத்தில் இருக்கும் ‘மூட்’ இப்படிப்பட்ட விஷயங்களிலிருந்துதான் வருது.

இன்னொரு வியாதியும் இருக்கு. ஒற்றை ஆள் நின்றால் ‘தனிமை’, கறுப்பு வெள்ளை என்றால் ‘சோகம்’, வயசானவர் முகம் என்றால் ‘வாழ்க்கையின் சுருக்கங்கள்’. எடுத்தவர் பாவம், பஸ்ஸுக்கு நிற்கிற சித்தப்பாவை எடுத்திருப்பார். அவர் படத்தின் மேல் நம்ம கவிதையை ஏற்றி வைப்பதும் பார்க்காமல் இருப்பதில் ஒரு வகைதான்.

ரொலான் பார்த் என்ற பிரெஞ்சு சிந்தனையாளர் இதைப் பற்றி யோசித்தவர். 1977-ல் அவர் அம்மா இறந்துபோனார். அம்மாவின் பழைய படங்களை எல்லாம் கிளறி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1898-ல் எடுத்தது. கண்ணாடிக் கூரை போட்ட ஒரு குளிர்காலத் தோட்டத்தில், அஞ்சு வயசுச் சிறுமியாக, அண்ணனோடு நிற்கிறார் அம்மா. அந்தப் படத்தைச் சுற்றியே ‘கேமரா லூசிடா’ என்ற புத்தகத்தை எழுதினார். 1980-ல் வெளிவந்தது. புத்தகத்தில் வேறு படங்கள் நிறைய உண்டு. அந்தப் படம் மட்டும் கிடையாது! அவரைத் தவிர வேறு யாருக்கும் அது சாதாரணப் பழைய போட்டோவாகத்தான் தெரியும் என்று விட்டுவிட்டார். படத்தில் ஏதோ ஒரு சின்ன விஷயம் பார்க்கிறவரை முள் மாதிரி குத்தும் என்று அதே புத்தகத்தில் சொல்கிறார். எல்லோரையும் ஒரே இடத்தில் குத்தாது.

எனக்கு இதைப் படித்ததும் எண்ணெய்க் கறைதான் ஞாபகம் வந்தது. அவனைக் குத்தியது என்னைக் குத்தவில்லை, சரி. ஆனால் கேட்டிருக்கலாமே?

அதுக்காக எல்லாத் தப்பும் உள்ளர்த்தம் இல்லீங்க. ஹெச்.ஓ.டி. தலையிலிருந்து கொடிக்கம்பம் முளைத்திருந்தால் அது கொடிக்கம்பம்தான். எடுத்தவரும் கவனித்திருக்க மாட்டார். “ரெண்டு அடி வலது பக்கம் நகர்ந்திருந்தா கம்பம் மறைஞ்சிருக்கும்”னு சொல்லுங்க, அடுத்த தடவை நகருவார். பொய்யாக ‘பிரமாதம்’ என்றால் அடுத்த வருஷமும் கம்பம் முளைக்கும். நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் பார்த்ததைச் சொல்லுங்க: ‘அப்பத்தா ஓரத்தில் இருக்காங்க, நடுவெல்லாம் காலியா இருக்கு.’ ‘தப்பா இருக்கு’ என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வாய் அடைத்துப்போகும். அவன் அன்றைக்கு ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி. பார்த்ததை மட்டும் சொன்னால், பெரும்பாலும் அவரே ஆரம்பிப்பார். திட்டம் போட்டு எடுத்தாரா, கை தவறி எடுத்தாரா என்பது அப்போது தானாக வெளியே வரும். க்ராப், வெளிச்சம், ஃபோகஸ் பஞ்சாயத்தெல்லாம் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அவன் இன்னமும் எடுக்கிறான். கொஞ்ச நாள் எனக்குக் காட்டாமல் இருந்தான், அது நியாயம்தான். போன மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ராத்திரி நேர பஸ் ஸ்டாண்ட். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறான். பெரிய வெற்றுத் தரை, அதன் கடைசியில் ட்யூப்லைட்டுக்குக் கீழே பெஞ்சில் தூங்கும் வாட்ச்மேன், கட்டை விரல் அளவுக்கு. ‘கிட்டப் போய் எடுத்திருக்கலாம்’ என்று டைப் செய்துவிட்டு அழித்தேன்.

“ஏன்டா இவ்ளோ தூரத்துல நின்ன?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து பதில் வந்தது.

“கிட்டப் போனா முழிச்சுக்குவார்டா. அப்பதான் கண்ணு அசந்தாரு.”