களையைப் பறிக்கத் துடித்தவர்கள்

(வானொலி மறையுரை. நற்செய்தி: மத்தேயு 13:24-30)



ஏரல், ஆத்தூர் பக்கம் நெல் விளைவிக்கிறவர்களுக்கு நெல்சக்களத்தி என்ற களையைத் தெரியும். அதன் குணம் பெயரிலேயே இருக்கிறது. இளம்பயிராக நிற்கும்போது எது நெல், எது சக்களத்தி என்று எளிதில் சொல்ல முடியாது. பழகாத கை வயலில் இறங்கினால் நெல்லும் சேர்ந்து வந்துவிடும். இன்றைய நற்செய்தியில் வரும் வேலையாட்களும் பறித்துவிடலாமா என்றுதான் தலைவரிடம் கேட்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. தலைவரின் வயல்மீது அக்கறை உள்ளவர்கள். ஆனாலும் தலைவர் வேண்டாம் என்கிறார். அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்கிறார்.

இந்த “வேண்டாம்” என்ற சொல்லுக்குத் திருச்சபை எப்போதும் செவிகொடுத்ததா? வருத்தத்தோடு சொல்கிறோம், இல்லை. செவிகொடுக்காத இரண்டு காலங்களைப் பற்றி இரண்டு துறவிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நூல்களையும் இன்று சேர்த்துப் பார்ப்போம்.

முதல் துறவி பிரான்சு நாட்டவர். வோ தெ செர்னே என்ற சிஸ்டெர்சியன் மடத்தைச் சேர்ந்த பேதுரு. அந்நாட்டின் தென்பகுதியில் கத்தாரிகள் என்ற கூட்டத்தார் அப்போது பரவியிருந்தார்கள். நல்ல கடவுள் ஒருவர், தீய சக்தி ஒன்று, கண்ணால் காணும் இந்த உலகமெல்லாம் தீய சக்தியின் படைப்பு என்பது அவர்கள் போதனை. அப்படியானால் இறைமகன் மெய்யாகவே மனித உடல் எடுத்தார் என்பதற்கே இடமில்லை. இது தப்பறை என்பதில் ஐயமில்லை. அவர்களை மனந்திருப்பப் புனித சாமிநாதர் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் ஊர் ஊராக நடந்து போதித்தார். ஆனால் 1208 சனவரியில் திருத்தந்தையின் தூதர் ஒருவர் கொலைசெய்யப்பட்டார். திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் சிலுவைப்போர் அறிவித்தார். கிறிஸ்தவ நாட்டுக்குள்ளேயே ஒரு சிலுவைப்போர்!

1209 சூலை 22 அன்று பெசியே நகரம் வீழ்ந்தது. அன்று புனித மகதலா மரியா திருநாள். அந்தப் புனிதையின் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களும் தப்பவில்லை. அங்கே மட்டும் ஏழாயிரம் பேர் வரை மாண்டார்கள் என்று பேதுரு எழுதுகிறார். எந்த எண்ணிக்கையை நம்பினாலும், அந்த நகரில் கத்தோலிக்கரும் இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். மடத்தலைவரான தம் சிற்றப்பாவோடு பின்னர் அந்தப் படையோடு சென்றவர் இந்தப் பேதுரு. தம் நூலைத் திருத்தந்தைக்கே அர்ப்பணித்தார். 1211இல் லவோர் என்ற ஊரில் கத்தாரிகளைக் கூட்டமாக எரித்ததைச் சொல்லும்போது, படையினர் மகிழ்ச்சியோடு அதைச் செய்தார்கள் என்று கூசாமல் எழுதுகிறார்.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சியும் இருக்கிறது. புனித சாமிநாதர் எழுதிக்கொடுத்த தாளொன்றை எதிரிகள் நெருப்பில் போட்டார்களாம். மூன்று முறை போட்டும் அது எரியாமல் வெளியே வந்ததாம். உண்மையை நெருப்பு தொடாது என்று பேதுரு மகிழ்கிறார். இந்த நெருப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் துறவியின் நூலிலும் அது வருகிறது.

அந்த நூல் நமக்கு அடுத்த வீட்டுக் கதை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் நடந்தது. அங்கே திருத்தூதர் தோமாவின் பெயரால் விளங்கிய கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாகச் சுரியானி மொழியில் வழிபட்டார்கள். அவர்களுக்குக் கிழக்கே, பாபிலோன் பக்கமிருந்து ஆயர்கள் வந்தார்கள். போர்த்துக்கீசியர் வந்தபின் இவர்கள் நெஸ்தோரியார் என்ற சந்தேகம் எழுந்தது. 431இல் எபேசு பொதுச்சங்கம் நெஸ்தோரியுவைக் கண்டித்தது நமக்குத் தெரிந்ததே. மரியாவை “இறைவனின் தாய்” என்று அழைக்க அவர் தயங்கினார்.

அங்கமாலியின் பேராயர் மார் ஆபிரகாம் திருத்தந்தை நான்காம் பயஸின் அங்கீகாரம் பெற்றவர். அப்படியிருந்தும் சந்தேகம் தீரவில்லை. 1597இல் அவர் இறந்தார். கோவாவின் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசஸ் இதுதான் நேரம் என்று 1599 பிப்ரவரியில் கொச்சிக்கு வந்தார். அவர் அகுஸ்தீன் சபைத் துறவி. ஊர் ஊராகச் சென்று போதித்தார், பலரைக் குருக்களாகத் திருநிலைப்படுத்தினார். தோமாவின் சட்டம் வேறு, பேதுருவின் சட்டம் வேறு என்று மக்கள் அவரிடம் வாதிட்டார்கள். தலைமைத் திருத்தொண்டர் கீவர்கீஸ் முதலில் எதிர்த்தார், பிறகு பணிந்தார். அந்த ஆண்டு சூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் மாமன்றம் கூடியது. சுமார் 150 குருக்களும் 600க்கும் மேற்பட்ட பொதுநிலையினரும் அமர்ந்திருந்தார்கள். சட்டங்கள் அதற்கு முன்பே பெரும்பாலும் எழுதப்பட்டிருந்தன.

இந்தப் பயணத்தை நூலாக எழுதியவர் அதே அகுஸ்தீன் சபையின் அந்தோனியோ தெ கூவேயா. மெனேசஸின் பயணம் என்ற பொருளில் “ஜொர்நாதா” என்ற பெயரோடு 1606இல் போர்த்துக்கல் நாட்டுக் கொயிம்பிராவில் அது அச்சேறியது. தம் சபைப் பேராயரின் வெற்றியைப் புகழ்வதே அவர் நோக்கம்.

நியாயத்தையும் சொல்லிவிடுவோம். தாழ்ந்த சாதியார் என்று சொல்லப்பட்டவர்களைத் தொட்டால் தீட்டு என்ற வழக்கத்தை அந்த மாமன்றம் கண்டித்தது. 400 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தீட்டு நம் கல்லறைத் தோட்டங்களைவிட்டுப் போய்விட்டதா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அதே மாமன்றம் சுரியானி நூல்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னது. திருத்தத்தக்கவை திருத்தப்பட்டன. மற்றவை நெருப்புக்குப் போயின. எந்தெந்த நூல்கள் கண்டிக்கப்பட்டன என்ற பட்டியலும் சட்டங்களில் உண்டு. திருப்பலி மன்றாட்டிலேயே பல இடங்களில் கைவைத்தார்கள்.

பிரான்சில் உண்மையின் தாள் எரியாது என்று ஒரு துறவி மகிழ்ந்தார். கேரளத்தில் தாள்கள் எரிந்தன. உண்மை எது என்று நெருப்பா தீர்ப்புச் சொல்லும்? 1301ஆம் ஆண்டில் கொடுங்கல்லூரில் சக்கரியா என்ற 14 வயதுத் திருத்தொண்டர் தம் கையால் படியெடுத்த சுரியானி நூலொன்று இன்றும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. இந்தியாவில் எழுதப்பட்ட சுரியானிக் கையெழுத்து நூல்களில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது அதுதான். அதைப்போல் இன்னும் எத்தனை பிள்ளைகளின் கையெழுத்து சாம்பலாயிற்றோ, ஆண்டவருக்கே தெரியும்.

களை எடுத்ததால் வயல் சுத்தமாயிற்றா? 1652இல் அகத்தல்லா என்ற கிழக்கத்திய ஆயர் நம் மயிலாப்பூரில் வந்து இறங்கினார். போர்த்துக்கீசியர் அவரைப் பிடித்துக் கப்பலில் கோவாவுக்கு அனுப்பினார்கள். அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று கேரளத்தில் செய்தி பரவியது. 1653 சனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் மக்கள் திரண்டார்கள். சிலுவையில் கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, இந்த ஆட்சிக்கு இனிப் பணியோம் என்று சத்தியம் செய்தார்கள். கூனன் குரிசு சத்தியம் என்பது அதுவே. ஒன்றாக இருந்த தோமா கிறிஸ்தவர்கள் அன்று பிரிந்தவர்கள்தாம். பலர் பின்னர் கத்தோலிக்க ஒன்றிப்புக்குத் திரும்பினார்கள். ஆனாலும் அந்தப் பிளவு இன்றுவரை முழுதும் ஆறவில்லை.

இன்னும் ஒன்று கேளுங்கள். 1994 நவம்பர் 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், நெஸ்தோரியத் திருச்சபை என்று நாம் அழைத்துவந்த கிழக்கு அசீரியத் திருச்சபையின் முதுபெரும் தந்தை மார் திங்காவும் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். கிறிஸ்து ஒருவரே, மெய்யான கடவுள், மெய்யான மனிதர் என்பதில் நாம் இருவரும் ஒரே நம்பிக்கை உடையவர்கள் என்றார்கள். “இறைவனின் தாய்” என்று நாம் சொல்வதும், “நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய்” என்று அவர்கள் சொல்வதும் ஒரே விசுவாசத்தின் இரு சொற்கள் என்று ஏற்றுக்கொண்டார்கள். களை என்று பறித்தவற்றில் எவ்வளவு கோதுமை இருந்தது, பார்த்தீர்களா?

இங்கேதான் இயேசுவின் உவமையின் ஆழம் விளங்குகிறது. கத்தாரிகள் விஷயத்தில் கொள்கை பற்றிய தீர்ப்பு சரி, செய்த செயல் தவறு. தோமா கிறிஸ்தவர்கள் விஷயத்தில் தீர்ப்பே பெரும்பாலும் தவறு. அப்படியானால் களை உண்மையிலேயே களையாக இருந்தாலும் பறிக்க நமக்கு உத்தரவில்லை. களை எது என்று கண்டுபிடிப்பதில் நம் கண் தவறும் என்பதும் தெளிவு. புனித யோவான் கிறிசோஸ்தோம் இந்த உவமையை விளக்கும்போது, தப்பறையைத் தடுத்துப் பேசலாம், தப்பறைக்காரரைக் கொல்வதை ஆண்டவர் விலக்கினார் என்று நான்காம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். சொல்லப்படாததால் அல்ல, கேட்காததால்தான் தவறினோம். 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று இரண்டாம் யோவான் பவுல், உண்மைக்குப் பணி செய்வதாக எண்ணிச் செய்த பாவங்களுக்காகப் புனித பேதுரு பேராலயத்தில் மன்னிப்பு வேண்டினார்.

அப்படியானால் எல்லாக் கொள்கையும் ஒன்றுதானா, சாமி என்று சிலர் கேட்பார்கள். இல்லை. காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய நம் வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிமாரை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் ஆகியவற்றை எழுதினார். அவர் சொற்கள் காரமானவைதாம். ஆனால் அவர் கையில் இருந்தது எழுத்தாணி. விசுவாசத்தைக் காக்கப் படிக்க வேண்டும், விளக்க வேண்டும், தெரிந்து பேச வேண்டும். அது நம் கடமை.

இப்போது நம் உடன்குடிக்கு வருவோம். ஒரே தெருவில் நாமும் இருக்கிறோம், சி.எஸ்.ஐ. குடும்பங்களும் இருக்கிறார்கள், பெந்தெகொஸ்து சபைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பதிதர் என்று நம் பாட்டிமார் சொன்ன காலம் போய்விட்டது என்கிறோம். ஆனால் சபை மாறிப்போன மகனோடு ஆண்டுக்கணக்கில் பேசாத தகப்பன்மார் நம் பங்குகளில் இல்லையா? அப்படிப்பட்ட மகன் இறந்த வீட்டில் யார் செபிப்பது, எந்தக் கல்லறையில் வைப்பது என்று தாய் அழுதுகொண்டிருக்க, வாசலில் நின்று வழக்குப் பேசுவதைக் குருக்களாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒருமுறை அல்ல, பலமுறை. எங்களில் சிலரும் அந்த வழக்கில் நியாயம் பேசியிருக்கிறோம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம்.

பேதுருவும் கூவேயாவும் கொடியவர்கள் அல்லர். நன்றாக மன்றாடிய துறவிகள். நாம் உண்மையின் பக்கம் நிற்கிறோம் என்ற உறுதியில், எதிரே நின்ற மனிதர் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்று கைபேசியில் மற்றச் சபையாரைப் பற்றி வரும் கேலியை அடுத்தவருக்கு அனுப்பும் நாமும் அதே உறுதியில்தான் அனுப்புகிறோம். அனுப்புமுன் ஒரு நிமிடம் நினைப்போம்: நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் இதைப் படித்தால் பெருமைப்படுவார்களா, தலைகுனிவார்களா?

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். சபை மாறியதால் நாம் பேசாமல் விட்ட ஒருவர் இருப்பார். அவர் வீட்டுக்குப் போவோம். வாதம் வேண்டாம். ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, நலம் விசாரித்து வருவோம். கொள்கையில் நமக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு அப்படியே இருக்கும். அறுவடையை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, உமது வயலை நாங்கள் நேசிக்கிறோம். எங்கள் கண்ணும் கையும் தவறக்கூடியவை என்பதை மறவாதிருக்கவும், அறுவடை நாள்வரை உம்மைப்போல் பொறுமையோடிருக்கவும் வரம் தாரும். ஆமென்.